கோடு பொய் சொல்லுமா?

நன்னிலம் வட்டாரத்தில் நெல் பயிரிடும் எவரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள். ஜூன் 12 என்ன நாள் என்று உடனே சொல்லிவிடுவார். அது மேட்டூர் அணையிலிருந்து பாசனத்துக்குத் தண்ணீர் திறந்துவிடும் நாள். அரசு நாட்காட்டியில் அதற்கு விடுமுறை இல்லை. ஆனால் டெல்டா மாவட்டங்களில் பொங்கலுக்கு அடுத்தபடியாக எல்லோருக்கும் நினைவில் நிற்கும் தேதி அதுதான்.

மேட்டூர் அணை 1934 ஆம் ஆண்டில் கட்டி முடிக்கப்பட்டது. அதன் முழு நீர்மட்டம் 120 அடி. கொள்ளளவு 93.47 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி. அணையில் திறந்த நீர் கல்லணை வந்து சேர மூன்று நான்கு நாட்கள் ஆகும். அங்கிருந்து ஆறு கிளை ஆறாகி, வாய்க்காலாகி, கன்னியாகி நன்னிலம் பக்கத்து வயல்களை எட்டுவதற்கு மேலும் சில நாட்கள் போய்விடும்.

ஜூனில் தண்ணீர் வந்தால் குறுவை நெல் பயிரிடலாம். ஏறக்குறைய 110 முதல் 120 நாட்களில் அது விளைந்துவிடும். ஐப்பசி அடைமழைக்கு முன் அறுத்துவிடலாம். தண்ணீர் ஆகஸ்டில் வந்தால்? ஆழ்குழாய்க் கிணறு உள்ளவர்கள் மட்டும் குறுவை செய்வார்கள். மற்றவர்கள் சம்பா என்ற ஒரே போகத்தோடு நிற்க வேண்டியதுதான். ஆகவே அணை திறக்கும் தேதி ஒரு குடும்பத்தின் ஆண்டு வருமானத்தையே மாற்றக் கூடியது.

சரி, 2011 முதல் 2025 வரை பதினைந்து ஆண்டுகளில் அணை எப்போது திறந்தது? இதோ பட்டியல். கடைசியில் இருப்பது ஜூன் 12க்குப் பிறகு எத்தனை நாள் தாமதம் என்ற கணக்கு. கழித்தல் குறி இருந்தால் அத்தனை நாள் முன்னதாகவே திறந்தார்கள் என்று பொருள்.

2011 – ஜூன் 6 – (−6)
2012 – செப்டம்பர் 17 – 97
2013 – ஆகஸ்ட் 2 – 51
2014 – ஆகஸ்ட் 15 – 64
2015 – ஆகஸ்ட் 9 – 58
2016 – செப்டம்பர் 20 – 100
2017 – அக்டோபர் 2 – 112
2018 – ஜூலை 19 – 37
2019 – ஆகஸ்ட் 13 – 62
2020 – ஜூன் 12 – 0
2021 – ஜூன் 12 – 0
2022 – மே 24 – (−19)
2023 – ஜூன் 12 – 0
2024 – ஜூலை 28 – 46
2025 – ஜூன் 12 – 0

பட்டியலைப் படித்தீர்கள். இப்போது அதை மூடிவிட்டுச் சொல்லுங்கள்: நிலைமை எப்படி மாறி வந்திருக்கிறது? பெரும்பாலோருக்குச் சொல்ல வராது. பதினைந்து எண்களை ஒரே சமயத்தில் மனத்தில் நிறுத்துவது கடினம். இதற்குத்தான் கோட்டு வரைபடம் பிறந்தது. இன்று அலுவலகங்களிலும் வணிக நிறுவனங்களிலும் கணிப்பொறி மென்பொருள் ஒரு நொடியில் கோட்டு வரைபடம் போட்டுத் தருகிறது. ஆனால் அது போடும் கோடு எப்போதும் உண்மையைத்தான் சொல்லுமா? அதைத்தான் இந்தக் கட்டுரையில் பார்க்கப் போகிறோம்.

கோட்டை முதலில் வரைந்தவர்

வணிகக் கணக்கைக் கோடாக வரைந்து காட்டியவர் வில்லியம் பிளேஃபேர் என்ற ஸ்காட்லாந்துக்காரர். 1759 ஆம் ஆண்டில் பிறந்தவர். நீராவி எஞ்சின் புகழ் ஜேம்ஸ் வாட்டிடம் படம் வரைபவராக வேலை பார்த்தவர். சிறுவனாக இருந்தபோது அவருடைய அண்ணன் ஜான், வெப்பமானி காட்டும் அளவைக் குறித்து வைத்து அதன் ஏற்ற இறக்கத்தைக் கோடுகளால் காட்டும்படி அவரைப் பழக்கினாராம். வெப்பத்துக்குச் செய்ததைப் பணத்துக்கும் செய்தால் என்ன என்று பின்னாளில் அவருக்குத் தோன்றியது. 1786 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் ஏற்றுமதி, இறக்குமதி கணக்குகளைக் கோடுகளாக வரைந்து ஒரு புத்தகமாகவே வெளியிட்டார்.

அந்தப் புத்தகத்தில் ஒரு வேடிக்கை உண்டு. அதிலுள்ள 44 படங்களில் ஒன்றில் மட்டும் கோடு கிடையாது, பட்டைகள்தாம் உள்ளன. ஏன் தெரியுமா? ஸ்காட்லாந்து எந்தெந்த நாடுகளோடு எவ்வளவு வணிகம் செய்தது என்பதற்கு அவரிடம் ஒரே ஓர் ஆண்டின் கணக்குதான் இருந்தது. ஒரு நாட்டுக்கும் இன்னொரு நாட்டுக்கும் நடுவே கோடு இழுப்பதில் அர்த்தமில்லை என்று அவருக்குத் தெரிந்திருந்தது. எனவே பட்டைகளாக நிறுத்திவிட்டார். கோட்டைக் கண்டுபிடித்தவரே கோடு எங்கே கூடாது என்பதையும் அறிந்திருந்தார் பாருங்கள்!

முதலில் கையால் வரைவோம்

மென்பொருளுக்குப் போகுமுன் ஒரு வரைபடத்தாளை எடுத்துக்கொள்ளுங்கள். கிடை அச்சில் ஆண்டுகள். ஓர் ஆண்டுக்கு 1 செ.மீ. செங்குத்து அச்சில் தாமத நாட்கள். 20 நாளுக்கு 1 செ.மீ. கீழே −20, மேலே 120 என்று வைத்தால் 7 செ.மீ. உயரம் போதும். சுழி என்ற இடத்தில் ஒரு தடித்த கோடு போடுங்கள். அதுதான் ஜூன் 12.

இப்போது புள்ளிகளை வைத்து இணையுங்கள். என்ன தெரிகிறது? 2011ல் சுழிக்கோட்டுக்குச் சற்றுக் கீழே இருந்த கோடு 2012ல் மலைபோல் ஏறுகிறது. பிறகு எட்டு ஆண்டுகள், அதாவது 2019 வரை, அது சுழிக்கோட்டைத் தொடவே இல்லை. உச்சி 2017ஆம் ஆண்டு, 112 நாள். 2020ல் சட்டென்று இறங்கிச் சுழியில் உட்காருகிறது. 2022ல் அதற்கும் கீழே போகிறது. 2024ல் மட்டும் ஒரு சிறு மேடு.

பதினைந்து ஆண்டுகளின் சராசரி தாமதம் ஏறத்தாழ 40 நாள். ஆனால் உங்கள் படத்தில் 40 நாள் தாமதமான ஆண்டு ஒன்றாவது இருக்கிறதா? 2018ல் 37, 2024ல் 46. அவ்வளவுதான். உண்மையில் இதில் இரண்டு வேறு காலங்கள் இருக்கின்றன. 2012 முதல் 2019 வரை சராசரி சுமார் 73 நாள். 2020 முதல் 2025 வரை சராசரி 4½ நாள். மொத்தச் சராசரி இதை மறைத்துவிட்டது; கோடு காட்டிக் கொடுத்துவிட்டது.

புள்ளிக்கும் புள்ளிக்கும் நடுவே என்ன?

இங்கே ஒரு கேள்வி. 2016ன் புள்ளி 100. 2017ன் புள்ளி 112. இரண்டையும் இணைக்கும் கோட்டின் நடுவில் 106 என்று ஓர் இடம் வருகிறது. அது எதைக் குறிக்கிறது?

எதையும் குறிக்கவில்லை! பாசனத்துக்காக அணை திறப்பது ஆண்டுக்கு ஒரு முறை நடப்பது. இரண்டு திறப்புகளுக்கு நடுவே பாதித் திறப்பு என்று ஒன்று கிடையாது. இந்தக் கோடு கண்ணுக்கு வழிகாட்டும் கைப்பிடி மட்டுமே. ஆகவே இப்படிப்பட்ட படத்தில் புள்ளிகளைப் பெரிதாக வைக்க வேண்டும். கோட்டை மெல்லியதாகப் போட வேண்டும்.

இதையே அணையின் நீர்மட்டத்தோடு ஒப்பிடுங்கள். திங்கட்கிழமை காலை 110 அடி, செவ்வாய்க்கிழமை காலை 108 அடி என்று வைத்துக்கொள்வோம். நடுவே ஏதோ ஒரு நேரத்தில் நீர்மட்டம் 109 அடியாக இருந்தே தீர வேண்டும். தண்ணீர் 110லிருந்து 108க்குத் தாவிக் குதிக்க முடியாது அல்லவா? இங்கே நடுக்கோடும் உண்மை பேசுகிறது.

மூன்றாவது வகை ஒன்று உண்டு. நன்னிலம், குடவாசல், வலங்கைமான் ஆகிய மூன்று வட்டங்களின் நெல் விளைச்சலைக் கோடாக இணைத்தால்? அது தவறு. வலங்கைமானை முதலில் எழுதினால் படத்தின் உருவமே மாறிவிடும். வரிசையை மாற்றி எழுத முடிகிற எதற்கும் கோடு பொருந்தாது, பட்டைதான் பொருந்தும். பிளேஃபேர் செய்தது இதைத்தான்.

கணிப்பொறிக்கு என்ன தெரியாது?

1979 ஆம் ஆண்டில் விசிகால்க் என்ற விரிதாள் மென்பொருள் வந்தது. கட்டம் கட்டமாக எண்களை எழுதினால் கூட்டல் கழித்தலை அதுவே செய்துகொள்ளும். 1983ல் லோட்டஸ் 1-2-3 வந்தது. அது அந்த எண்களைப் படமாகவும் வரைந்து காட்டியது. இன்று எக்செல், லிப்ரே ஆபீஸ் கால்க், பவர் பி.ஐ. என்று பல மென்பொருள்கள் இந்த வேலையைச் செய்கின்றன. உங்கள் பள்ளிக் கணிப்பொறியிலும் ஏதாவது ஒன்று இருக்கும்.

இவற்றுக்கெல்லாம் வரையத் தெரியும். ஆனால் மேட்டூர் என்றால் என்ன, குறுவை என்றால் என்ன என்று தெரியாது. நாம் சொல்லாத இடங்களில் அவை தாமாகவே ஒன்றை எடுத்துக்கொள்ளும். வினை அங்கேதான் தொடங்குகிறது. ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

1. தேதியா, எழுத்தா?

நம் பட்டியலைக் கணிப்பொறியில் ஏற்றுகிறோம். 2017க்கு 2/10/2017 என்று எழுதுகிறோம். நமக்கு அது அக்டோபர் 2. ஆனால் மென்பொருள் அமெரிக்க வழக்கப்படி அமைக்கப்பட்டிருந்தால்? அங்கே மாதத்தை முதலில் எழுதுவார்கள். ஆகவே அது பிப்ரவரி 10 என்று எடுத்துக்கொள்ளும். 112 நாள் தாமதமான ஆண்டு, 122 நாள் முன்னதாகத் திறந்த ஆண்டாகிவிடும்!

2020க்கு 12/6/2020 என்று எழுதுகிறோம். அது டிசம்பர் 6 ஆகிவிடும். சரியான நாளில் திறந்த ஆண்டு, 177 நாள் தாமதமான ஆண்டாகிவிடும். பதினைந்து ஆண்டுகளில் மிக மோசமான ஆண்டு மிக நல்லதாகவும், நல்ல ஆண்டு மிக மோசமானதாகவும் தலைகீழாக நிற்கும்.

மற்றவை? 2012க்கு 17/9/2012. பதினேழாவது மாதம் என்று ஒன்று இல்லை. எனவே மென்பொருள் இதைத் தேதியாகவே ஏற்காமல் வெறும் எழுத்தாக வைத்துவிடும். படத்தில் அந்தப் புள்ளி சரியாக விழாது. நம் பட்டியலைச் சோதித்தால் பதினைந்தில் ஏழு தேதிகள் இப்படி எழுத்தாகிவிடும். ஏழு தேதிகள் மாதம் மாறிவிடும். ஒன்றே ஒன்று தப்பிக்கும். எது என்று கண்டுபிடித்தீர்களா? 2011, அது 6/6. எப்படிப் படித்தாலும் ஜூன் 6தான்!

இதற்கு மருந்து எளியது. மென்பொருளின் அமைப்பில் இந்திய வழக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். அல்லது மாதத்தை எண்ணால் எழுதாமல் பெயரால் எழுதுங்கள். எழுதிய பின் ஒரு தேதியையாவது முழு வடிவில் காட்டச் செய்து சரிபாருங்கள்.

தேதியைச் சரியாகப் புரிந்துகொண்டால் கணிப்பொறி அதை உள்ளே ஓர் எண்ணாக வைத்துக்கொள்ளும். எக்செலில் 2024 ஜூலை 28 என்பது 45501. அதே ஆண்டு ஜூன் 12 என்பது 45455. ஒன்றிலிருந்து ஒன்றைக் கழித்தால் 46. தாமதக் கணக்கை நீங்கள் விரல்விட்டு எண்ண வேண்டியதில்லை.

மாதப் பெயர்களிலும் இதே சங்கடம் உண்டு. 'ஜூன்', 'ஜூலை' என்று வெறும் எழுத்தாகக் கொடுத்தால் சில மென்பொருள்கள் அகரவரிசைப்படி அடுக்கிவிடும். தமிழில் எழுதினால் அக்டோபர், ஆகஸ்ட், ஏப்ரல் என்று ஆண்டு தொடங்கும்! அந்தக் கோட்டைப் பார்த்து யார் என்ன முடிவு செய்ய முடியும்? மாதத்தின் எண்ணைக் கொண்டு வரிசைப்படுத்து என்று நாம்தான் சொல்ல வேண்டும்.

2. கூட்டலா, சராசரியா?

மேட்டூர் நீர்மட்டத்தை நாள்தோறும் எழுதி வைத்திருக்கிறோம். படம் மாதவாரியாக வேண்டும். ஒரு மாதத்துக்கு 30 எண்கள் இருக்கின்றன, புள்ளி ஒன்றுதான். மென்பொருள் என்ன செய்யும்? வணிகத்துக்காகச் செய்த மென்பொருள் பலவற்றுக்குக் கூட்டித்தான் பழக்கம். நாள்தோறும் 100 அடி என்றால் ஜூன் மாதத்துக்கு 3,000 அடி என்று புள்ளி வைத்துவிடும். அணையின் முழு நீர்மட்டமே 120 அடிதான்!

கூட்டல் தவறான கணக்கு அன்று, இடம் தவறு. நெல் மூட்டைகளைக் கூட்டலாம். மழையளவைக் கூட்டலாம். விற்ற பணத்தைக் கூட்டலாம். நீர்மட்டம், வெப்பநிலை, விலை ஆகியவற்றைக் கூட்டக் கூடாது. சராசரியோ மாதக் கடைசி நாளின் அளவோ எடுக்க வேண்டும். ஒரு புதிய கணக்கைக் கையில் எடுக்கும்போதெல்லாம் 'இதைக் கூட்டினால் அர்த்தம் உண்டா?' என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

3. வெற்றிடமா, சுழியா?

மழைமானியை ஒரு நாள் யாரும் பார்க்கவில்லை. ஏட்டில் அந்தக் கட்டம் காலி. இன்னொரு நாள் பார்த்தார்கள்; மழை இல்லை. ஏட்டில் 0. இரண்டும் ஒன்றா? இல்லவே இல்லை. ஒன்று 'தெரியாது', மற்றொன்று 'தெரியும், மழை இல்லை'.

காலிக் கட்டத்தை என்ன செய்வது என்று மென்பொருள் மூன்று வழி வைத்திருக்கிறது. கோட்டை அறுத்து இடைவெளி விடலாம். சுழியாக எண்ணிக் கோட்டைத் தரைக்கு இறக்கலாம். இரு பக்கத்துப் புள்ளிகளையும் நேராக இணைத்துவிடலாம். தெரியாததைத் தெரியாது என்று காட்டுவது முதல் வழிதான். நேர்மையான படத்தில் அறுந்த கோடு இருப்பதில் வெட்கம் ஏதுமில்லை.

4. இடைவெளி சமமா?

நீர்மட்டத்தை ஜூலை 1, 2, 3 தேதிகளில் குறித்தோம். பிறகு 10ஆம் தேதிதான் குறித்தோம். நான்கு புள்ளிகள். மென்பொருள் கிடை அச்சைப் பெயர்ப்பட்டியல்போல் எண்ணிக்கொண்டால் நான்கையும் சம தூரத்தில் வைத்துவிடும். ஏழு நாளில் மெல்ல இறங்கிய நீர்மட்டம் ஒரே நாளில் விழுந்ததுபோல் தோன்றும். அச்சைத் தேதி அச்சாக அமைத்தால் 3க்கும் 10க்கும் நடுவே ஏழு நாள் இடம் விட்டு வைக்கும். இறக்கமும் உள்ளபடி சாய்வாகத் தெரியும்.

5. அச்சு எங்கே தொடங்குகிறது?

பட்டைப் படத்தில் அளவு சுழியிலிருந்து தொடங்கியே ஆக வேண்டும். பட்டையின் நீளந்தானே அங்கே அளவு? கோட்டில் அப்படி ஒரு கட்டாயம் இல்லை. காய்ச்சலில் கிடப்பவரின் உடல் வெப்பத்தை நினைத்துப் பாருங்கள். 98.4 பாகை 102 ஆகிவிட்டால் வீடே பதறும். அதைச் சுழியிலிருந்து தொடங்கும் அச்சில் வரைந்தால் கோடு ஏறக்குறையக் கிடையாகவே போகும், காய்ச்சலே தெரியாது!

அதே சமயம் இன்னொன்று. அணையின் நீர்மட்டம் 112லிருந்து 108க்கு இறங்குகிறது. அச்சை 108லிருந்து 112 வரை மட்டும் வைத்தால் அணையே வறண்டுவிட்டதுபோல் கோடு அடித்தளத்தில் விழும். 0 முதல் 120 வரை வைத்தால் சிறு சரிவு. எது சரி? எவ்வளவு மாற்றம் வாழ்க்கையைப் பாதிக்கும் என்பதைக் கொண்டு நாம் முடிவு செய்ய வேண்டும். முடிவு எதுவானாலும் அச்சில் எண்களையும், 'அடி', 'நாள்', 'மூட்டை' என்ற அலகையும் எழுதாமல் விடக் கூடாது. படிப்பவர் அதைப் பார்த்துத்தான் ஏமாறாமல் தப்பிப்பார்.

ஒரே படத்தில் இடப்பக்கம் ஓர் அளவும் வலப்பக்கம் வேறோர் அளவுமாக இரண்டு கோடுகள் போடும் வசதியும் உண்டு. நீர்மட்டம் அடியில், நீரிருப்பு டி.எம்.சி.யில் என்று போட்டால் இரண்டும் எங்கோ வெட்டிக்கொள்ளும். அந்த இடத்தில் ஏதோ நடந்துவிட்டதாக எண்ணாதீர்கள். அடியும் கன அடியும் எங்கே சந்திப்பது? அளவைச் சற்று மாற்றினால் வெட்டும் இடமும் நகர்ந்துவிடும். முடிந்தவரை இரண்டு படங்களாக ஒன்றின் கீழ் ஒன்று வைப்பதே நல்லது.

கொள்முதல் நிலையத்தில் ஒரு வாரம்

இவையெல்லாம் படத்தை அழகுபடுத்தும் நுணுக்கங்கள்தானே என்று நினைக்கிறீர்களா? ஒரு கணக்கைப் பாருங்கள்.

அறுவடைக் காலத்தில் டெல்டா ஊர்களில் நேரடி நெல் கொள்முதல் நிலையங்கள் திறப்பார்கள். 1972 ஆம் ஆண்டில் தொடங்கப்பட்ட தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் இவற்றை நடத்துகிறது. 40 கிலோ மூட்டைகளாக நெல் எடுப்பார்கள். அங்கே எடுத்த மூட்டைகளின் கணக்கு நாள்தோறும் மேலே போகும்.

ஒரு நிலையத்தில் திங்கள் முதல் சனி வரை 600, 700, 650, 400, 250, 100 மூட்டைகள் எடுத்தார்கள் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். சாக்கு தீர்ந்து போயிருக்கலாம். லாரி வராமல் எடுத்த மூட்டைகள் தேங்கியிருக்கலாம். வெளியே நெல் குவியல்கள் காத்துக் கிடக்கின்றன. வானம் கறுக்கிறது.

இதை நாள் கணக்காக வரைந்தால் கோடு செவ்வாய்க்குப் பிறகு விழுந்துகொண்டே வரும். பார்க்கும் அதிகாரி உடனே 'என்ன ஆயிற்று?' என்று கேட்பார். ஆனால் அதே எண்களை மொத்தக் கணக்காக, அதாவது அன்றுவரை எடுத்த மூட்டைகளாக வரைந்தால்? 600, 1,300, 1,950, 2,350, 2,600, 2,700. கோடு ஏறிக்கொண்டே போகிறது! மொத்தக் கணக்குக்கு இறங்கவே தெரியாது. ஒரு மூட்டைகூட எடுக்காத நாளிலும் அது கிடையாக நிற்குமே தவிரக் கீழே வராது. 'வேலை நன்றாக நடக்கிறது' என்று நினைத்துக் கோப்பை மூடிவிடலாம். இரண்டு படங்களும் ஒரே எண்களிலிருந்து வந்தவை. இரண்டிலும் பொய் எண் ஒன்றும் இல்லை. ஒன்றைப் பார்த்தால் மறுநாளே சாக்கும் லாரியும் வரும். மற்றொன்றைப் பார்த்தால் நெல் மழையில் நனையும்.

மொத்தக் கணக்கின் கோட்டைப் பார்க்க நேர்ந்தால் ஒரு வழி உண்டு. அது ஏறுகிறதா என்று பார்க்காதீர்கள். எவ்வளவு செங்குத்தாக ஏறுகிறது என்று பாருங்கள். சாய்வு குறைந்தால் வேகம் குறைந்தது என்று பொருள். அத்துடன் படத்தின் தலைப்பிலேயே 'நாள்தோறும் எடுத்தவை' என்றோ 'இதுவரை எடுத்தவை' என்றோ தெளிவாக எழுதிவிட வேண்டும்.

கோடு சொல்லாதது

மீண்டும் நம் முதல் படத்துக்கு வருவோம். தாமதம் ஏன் குறைந்தது? 2018 பிப்ரவரியில் காவிரி வழக்கில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு ஜூனில் காவிரி மேலாண்மை ஆணையம் அமைந்தது. ஆகவே அதுதான் காரணம் என்று ஒருவர் சொல்லலாம். இல்லை, மேற்குத் தொடர்ச்சி மலையில் நல்ல மழை பெய்ததுதான் காரணம் என்று இன்னொருவர் சொல்லலாம். ஆணையம் அமைந்த பிறகும் 2019லும் 2024லும் தாமதம் நேர்ந்ததே என்று மூன்றாமவர் கேட்கலாம்.

கோடு இதற்குப் பதில் சொல்லாது. எப்போது மாறியது என்று மட்டும் அது காட்டும். ஏன் மாறியது என்று அறிய மழையளவு, அணைக்கு வந்த நீர், கர்நாடக அணைகளின் இருப்பு ஆகிய வேறு கணக்குகளையும் எடுத்துப் பார்க்க வேண்டும். நல்ல வரைபடம் சரியான கேள்வியை நம் கையில் கொடுக்கும். விடையை நாம்தான் தேட வேண்டும்.

நீங்களே செய்து பாருங்கள்

உங்கள் ஊரில் படித்துறை உள்ள கோயில் குளம் இருக்கிறதா? நாள்தோறும் ஒரே நேரத்தில் கரையில் நின்றபடியே, தண்ணீருக்கு மேல் தெரியும் படிகளை எண்ணி நோட்டில் எழுதுங்கள். தண்ணீரில் இறங்க வேண்டாம். ஒரு படி பாதி மூழ்கியிருந்தால் அரை என்று போடுங்கள். போக முடியாத நாளில் கட்டத்தைக் காலியாக விடுங்கள், சுழி போடாதீர்கள். இப்படி இரண்டு மாதம் செய்யுங்கள்.

பிறகு வரைபடத்தாளிலும், வாய்ப்பிருந்தால் கணிப்பொறியிலும் கோடு போடுங்கள். ஒரு விந்தையைக் காண்பீர்கள். குளம் வற்ற வற்ற உங்கள் கோடு ஏறும்! படிகள் அதிகம் தெரிந்தால் தண்ணீர் குறைவு என்றுதானே பொருள்? படத்தைப் பார்ப்பவர் குளம் நிரம்புகிறது என்று எண்ணிவிடுவார். இதைத் திருத்த இரண்டு வழிகள் உண்டு. மொத்தப் படிகளிலிருந்து தெரியும் படிகளைக் கழித்து, மூழ்கிய படிகளை வரையலாம்; அல்லது செங்குத்து அச்சைத் தலைகீழாகத் திருப்பி, சுழியை மேலே வைக்கலாம். மென்பொருளில் இதற்கென்றே ஒரு வசதி இருக்கிறது.

இரண்டையும் வரைந்து, இந்த விவரம் எதையும் சொல்லாமல் வகுப்பு நண்பர் ஒருவரிடம் காட்டுங்கள். 'குளத்தில் தண்ணீர் கூடியதா, குறைந்ததா?' என்று மட்டும் கேளுங்கள். எந்தப் படத்தைப் பார்த்து அவர் தயங்காமல் சரியான விடை சொல்கிறாரோ, அந்தப் படத்தை வகுப்புச் சுவரில் ஒட்டுங்கள்.